பின்னால் இரண்டு ஸ்பீக்கர்

கடந்த தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, கெமாஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு பழைய ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போனேன். கோலாலம்பூரில் உடன் வேலை செய்பவர் வீடு மாறியபோது 180 வெள்ளிக்குக் கொடுத்தது. ஒவ்வொன்றும் ஒரு மைலோ டின் உயரம்தான். அம்மா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் சத்தமா? இருக்கிற சத்தம் பத்தாதா?"

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தாமானுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் தண்டவாளம். கெமாஸ் என்றாலே ரயில்தான். ஜொகூர் பக்கமிருந்து வரும் பாதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று சிரம்பான், கோலாலம்பூர் வழியாக வடக்கே போகும், மற்றொன்று பகாங், கிளந்தான் காடுகளுக்குள் புகுந்து தும்பாட்டில் முடியும். 2013-இல் சிரம்பானிலிருந்து மின்சார இரட்டைப் பாதை வந்து சேர்ந்தது. அதன் பிறகு புதிய ரயில்களின் சத்தம் குறைந்தாலும், நடுராத்திரியில் சரக்கு ரயில் போகும்போது சமையலறைத் தட்டுகள் இன்னும் பேசத்தான் செய்கின்றன. இந்த வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதைவிட முக்கியம், வீட்டில் டிவியின் சத்தத்தை வைத்துத்தான் தினமும் சண்டை. அப்பா கூட்டுவார், அம்மா குறைப்பார்.

எங்கள் வீட்டு ஹோம் தியேட்டர் நான்கு ஆண்டுகளாக அரைகுறையாகவே இருந்தது. டிவிக்குக் கீழே ரிசீவர். இடமும் வலமும் ஒன்று, நடுவில் ஒன்று என முன்னால் மூன்று ஸ்பீக்கர். மூலையில் ஒரு சப்வூஃபர். பெட்டியில் 5.1 என்று போட்டிருக்கும். ஐந்து என்பது ஐந்து திசை ஸ்பீக்கர்கள்; புள்ளிக்குப் பின்னால் உள்ள ஒன்று, வெடி, இடி போன்ற தாழ்ந்த அதிர்வுகளுக்கென்றே இருக்கும் சப்வூஃபர். ஐந்தில் மூன்றுதான் எங்களிடம் இருந்தன. பின்பக்கத்துக்கான இரண்டு இல்லாததால் எதையோ இழந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பின்பக்கம் ஸ்பீக்கர் இல்லை என்று ரிசீவரின் அமைப்பில் சொல்லிவிட்டால், அந்த ஒலிகளையும் முன்னால் உள்ளவற்றிலேயே சேர்த்துக் கொடுத்துவிடும். எதுவும் விட்டுப்போகாது. எல்லாமே எதிர்ச் சுவரிலிருந்து வரும், அவ்வளவுதான்.

ஆனால் சினிமாக்காரர்கள் பார்ப்பவரைச் சுற்றி ஒலியை நிறுத்தப் பாடுபட ஆரம்பித்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா' 1940-இலேயே அதை முயன்றது. தமிழில் 1986-இல் ரஜினிகாந்தின் 'மாவீரன்' 70 எம்எம் படமாக ஆறு தட ஒலியோடு வந்தது. 1996-இல் 'கருப்பு ரோஜா' டிடிஎஸ் ஒலியைக் கொண்டுவந்தது. அதன் பிறகு நம் ஊர்த் திரையரங்குகளில் பின்னால் யாரோ நடந்து வருவதுபோலக் கேட்டு நாம் திரும்பிப் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கச் சுவர் ஸ்பீக்கர்களின் வேலை. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்தை அப்பாவோடு, அதற்குரிய ஒலியில், வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினேன். பின்பக்க ஸ்பீக்கர் என்று சொல்கிறோமே தவிர, 5.1-இல் அது நேர் பின்னால் இருக்கக்கூடாது. நடுவில் உட்கார்ந்திருப்பவர் டிவியை நேராகப் பார்ப்பதை சுழியம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் 110 முதல் 120 பாகையில் வைக்க வேண்டும். அதாவது பக்கவாட்டில், காதுக்குச் சற்றுப் பின்னால். 7.1 என்றால்தான் இன்னொரு சோடி, 135 முதல் 150 பாகையில், முதுகுக்குப் பின்னால் வரும். எங்கள் ஹால் 14 அடி அகலம். நடு இருக்கையிலிருந்து பக்கச் சுவர் 7 அடி. கணக்குப் போட்டால், காதுக்கு இரண்டரை அடி பின்னால் சுவரில் மாட்ட வேண்டும். அதற்கு, பின் சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை மூன்று அடி முன்னால் இழுக்க வேண்டும். தாமான் வீடுகளில் எல்லாரும் செய்யும் தவறு அதுதான்: சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டு, பின்னால் ஸ்பீக்கருக்கு இடம் தேடுவது.

இழுத்தாகிவிட்டது. இடப்பக்கச் சுவரில் அளந்து பென்சிலால் புள்ளி வைத்தால், அது நேராகச் சாமி மேடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

"அங்க எல்லாம் ஆணி அடிக்கக்கூடாது" என்றார் அம்மா. "பாட்டு வேணும்னா சாமி கேக்கட்டும். சண்டைப் படத்தையெல்லாம் முருகன் காதுல போட வேணாம்."

ஆக, சுவரில் மாட்டும் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டு பக்கமும் கால் வைத்த ஸ்டாண்ட். காதைவிட ஓர் அடி, இரண்டு அடி உயரமாக இருந்தால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதிலேயே அது கத்தாது.

அடுத்தது வயர். இடப்பக்கம் சுவர் ஓரமாகவே 20 அடியில் முடிந்தது. வலப்பக்கம் வாசல் கதவு இருப்பதால், நிலைக்கு மேலே ஏறி இறங்க 35 அடி. இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டு அளவுக்கு அது தேவையில்லை. மின்சாரம் செல்லும் வேகத்துக்கு 15 அடி வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. 16 கேஜ் வயர் இந்தத் தூரத்துக்குத் தாங்கும். கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. ஸ்பீக்கரின் பின்னால் எத்தனை ஓம் என்று எழுதியிருப்பதை ரிசீவர் ஏற்றுக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டும். பெட்டியோடு வந்த மலிவான செட்டுகள் பல மூன்று ஓமுக்கென்றே செய்தவை, அவற்றில் வேறு ஸ்பீக்கரைக் கண்டபடி மாட்டக்கூடாது. இரண்டாவது, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றை மாற்றிக் கொடுத்தால் கெட்டுப்போகாது. ஆனால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும், ஒலி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் மங்கிப்போகும்.

அப்பா எல்லாவற்றையும் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அது பிரம்பு நாற்காலி. சோபாவின் இடப்பக்கக் கடைசியில், சுவரை ஒட்டி, இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அதே இடத்தில்தான் கிடக்கிறது. வேறு யார் உட்கார்ந்தாலும், அப்பா வந்தால் எழுந்துவிடுவார்கள்.

அப்பா கெமாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டினார். 1979-இல் ஆரம்பித்து 2008 வரை. முதலில் பால் டாங்கி, பிறகு ரப்பரை வெட்டிவிட்டு செம்பனை போட்டதும் குலை ஏற்றிய ட்ரெய்லர். லயத்து வீட்டிலிருந்து எங்களை இந்தத் தாமானுக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த டிராக்டர்தான் என்று அம்மா சொல்வார்.

"எங்க தோட்டத்துல படம் காட்டுறப்ப எல்லாம் பின்னாலதான் சத்தம்" என்றார் அப்பா, நான் வயரை உரித்துக்கொண்டிருந்தபோது. மாதத்தில் ஒரு நாள், சம்பளம் போட்ட வாரத்தில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் ஓட்டுவார்களாம். திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஹார்ன். படத்தின் ஒலி அதிலிருந்து. பின்னால் படம் ஓட்டும் மெஷின் கடகடக்கும், அதற்கும் பின்னால் ஜெனரேட்டர், ரப்பர்க் காட்டிலிருந்து பூச்சிகள், தூரத்தில் ரயில். இடம் கிடைக்காதவர்கள் துணிக்கு மறுபக்கம் பாய் போட்டு உட்கார்ந்து, எல்லாரும் இடக்கையால் சண்டை போடுவதைப் பார்ப்பார்களாம். "அந்தக் காலத்துலயே எங்களுக்குச் சுத்திச் சத்தம்தான்யா. காசு கொடுத்து வாங்கல."

மதியத்துக்குள் எல்லாம் மாட்டியாயிற்று. இனி அளவு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் உட்காரும் இடத்திலிருந்து எத்தனை அடி என்று ரிசீவரிடம் சொல்ல வேண்டும். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 9 அடி வித்தியாசம் என்றால் ஒரு நொடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு தாமதம். இவ்வளவு சிறியதை யார் கவனிப்பார் என்று தோன்றும். ஆனால் நம் மூளை இதைவிடச் சிறியதையே கணக்கெடுக்கிறது. ஒரு ஒலி ஒரு காதை அடைந்து மற்றக் காதை அடைய ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அந்த வித்தியாசத்தையும், எந்தக் காதில் கூடுதலாகக் கேட்டது என்பதையும் வைத்துத்தான் ஒலி இடமா வலமா என்று நமக்குத் தெரிகிறது. இரண்டு காதும் இருந்தால்தான் அந்தக் கணக்கு நடக்கும்.

ரிசீவரில் ஒரு சோதனை ஒலி உண்டு. 'உஸ்ஸ்' என்று மழை இரைவதுபோல ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். நான் ரிசீவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். அப்பாவிடம், "சத்தம் எங்க இருந்து வருதுன்னு கை காட்டுங்கப்பா" என்றேன்.

முன் இடம் வந்தது. அப்பா கொஞ்சம் யோசித்து, நடுவில் காட்டினார். நடு வந்தது. சற்று வலப்பக்கமாகக் காட்டினார். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன் வலம், வலப்பக்கம். பின் வலம், வலப்பக்கம். பிறகு பின் இடம் வந்தது. அவருடைய இடது காதிலிருந்து மூன்று, நான்கு அடி தூரத்தில் அந்த ஸ்பீக்கர். அப்பா தயங்காமல் வலக்கையை நீட்டினார்.

"அந்தப் பக்கம்."

வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ரிசீவரின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. சரி, அடையாளம் வைத்ததில் தவறு இருக்கலாம் என்று இடத்தையும் வலத்தையும் மாற்றிச் செருகினேன். மறுபடியும் ஓட்டினேன். வலப்பக்கம் வந்தது, அப்பா வலப்பக்கம் காட்டினார். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் காட்டினார். சத்தத்தைக் கூட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா, "காது கிழியுதுடா, குறை" என்று கத்தினார். அப்பா அப்படியே வலக்கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் எழுந்திரிங்கப்பா" என்று நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது காதுக்குள் யாரோ மணலைக் கொட்டுவதுபோல இருந்தது.

ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாதான் கேட்டார், "என்னய்யா, ஸ்பீக்கர் கெட்டுப்போச்சா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி ஹாலைப் பார்த்தேன். இடப்பக்கம் வெறும் சுவர். வீட்டில் பேசுகிற எல்லாரும், டிவியும், வாசலும், சமையலறையும் வலப்பக்கத்தில். இருபது வருடமாக அப்பா ஏன் இந்த இடத்தை விடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பது எனக்கு இன்றும் சந்தேகம்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். கோயிலில் யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் பேசாமல் போய்விடுவார். "ரிட்டையர் ஆனதும் பெரிய மனுசன் ஆயிட்டாரு" என்று ஓர் உறவினர் கோபித்துக்கொண்டதுகூட உண்டு. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் சரக்கு ரயிலே போனாலும் எழமாட்டார். அம்மா ஒருமுறை "தட்டை எடுத்துட்டு வாங்க" என்றதற்குக் கொடியிலிருந்து சட்டையை எடுத்து வந்தார். அந்தக் கதையைச் சொல்லி எத்தனை தீபாவளிக்குச் சிரித்திருக்கிறோம். நானும்தான். வாராவாரம் போனில் பேசும்போது, சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்து, "சரிப்பா, அப்புறம் பேசுறேன்" என்று எத்தனை முறை வைத்திருக்கிறேன். அம்மாவின் முடிவு எளிமையானது: "அவருக்கு வேணும்னா கேக்கும்."

தீபாவளி முடிந்த வாரத்தில் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். வலது காதுக்கு அப்பாவின் விரல் அடிக்கடி அசைந்தது. இடது காதுக்கு நெடுநேரம் சும்மா இருந்தது. தாளில் வந்த கோடு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தொடங்கும் என்றார் பரிசோதித்தவர். தமிழில் ச, த, ப, க போன்ற எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிகள் பெரும்பாலும் உயர்ந்த அதிர்வுகளில் இருப்பவை. உயிரொலி நன்றாகக் கேட்கும். ஆகவே பேசுவது தெரியும், சத்தமும் இருக்கும். ஆனால் தட்டா, சட்டையா, கட்டையா என்பது தெரியாது. அதனால்தான் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அப்பாவுக்குப் போதவில்லை. அவருக்குக் குறைந்தது சத்தம் அல்ல, தெளிவு.

"என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"டிராக்டர்."

"ட்ரெய்லரைப் பார்க்க எந்தப் பக்கமா திரும்புவீங்க?"

அப்பா உட்கார்ந்த இடத்திலேயே வலது தோளுக்கு மேலாகத் திரும்பிக் காட்டினார். இருபத்தொன்பது வருடப் பழக்கம் அந்தத் திரும்பலில் அப்படியே இருந்தது. வலப்பக்கம் பின்னால் திரும்பினால், இடது காது நேராக முன்னால் உள்ள எஞ்சினுக்குப் போய்விடும். டிராக்டர் ஓட்டும் விவசாயிகளுக்கு இடது காது கூடுதலாகப் பாதிக்கப்படுவது வெளிநாடுகளிலும் கண்டறியப்பட்ட ஒன்றுதான். ஒரு காது மட்டும் அதிகம் குறைந்திருந்தால் வேறு காரணமும் இருக்கலாம் என்பதால், அதையும் மருத்துவர் தனியாகப் பார்த்துச் சரி என்றார்.

கூரை அறை இல்லாத பழைய டிராக்டர்களின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். நம் நாட்டில் இரைச்சலுக்கான விதிகள் 1989-இல் வந்தன; அவை தொழிற்சாலைகளுக்கானவை. 2019-இல் வந்த புதிய விதிகள்தான், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்ற வரம்பை மற்ற வேலையிடங்களுக்கும் வைத்தன. அப்பா டிராக்டரை விட்டு இறங்கிப் பதினொரு வருடம் கழித்து. காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லிக்கூட யாரும் சொன்னதில்லையாம். "பஞ்சு வெச்சா குலை விழுற சத்தம் எப்படிக் கேக்கும்?" என்றார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சொக்சோவின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இப்போது ஆலையிலோ தோட்டத்திலோ வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வேலையில் இருக்கும்போதே காதைச் சோதித்து, தாளைப் பத்திரமாக வையுங்கள். போன காது திரும்பி வராது. உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

காது கேட்கும் கருவிக்கு அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "கிழவனாக்கப் பாக்குறீங்களா?" என்றார். விலையைக் கேட்டதும் இன்னும் தள்ளிப்போட்டார். ரிசீவர், ஸ்பீக்கர், டிவி எல்லாம் சேர்த்த விலையைவிட அதிகம். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது நான் அல்ல, என் அக்காள் மகள். ஐந்து வயது. "தாத்தா, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கதை சொன்னா நீங்க ஏன் 'ம்' சொல்ல மாட்டேங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அதுவரை, ஸ்பீக்கர்களை வைத்தே முடிந்ததைச் செய்தேன். படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. மொத்தச் சத்தத்தைக் கூட்டாமல் அந்த ஒன்றை மட்டும் 4 டெசிபெல் உயர்த்தினேன். அதன் முகத்தை அப்பாவின் நாற்காலியை நோக்கிச் சற்றே சாய்த்தேன். நான் ஆசையாக மாட்டிய பின்பக்கச் சோடியைக் கொஞ்சம் குறைத்தேன். அதிலேயே வீட்டுச் சண்டை பாதி குறைந்தது. அம்மா ரிமோட்டைத் தொடுவதே இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் புது ஸ்பீக்கர் வாங்குமுன் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள், செலவு இல்லாதது. சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கும் பேச்சைத் தெளிவாக்கும் ஒரு பொத்தான் பெரும்பாலும் இருக்கும்.

கருவி மாட்டி மூன்று வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து படம் பார்த்தோம். முதல் சில நாட்கள் அப்பாவுக்கு எல்லாமே எரிச்சலாக இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் தகரம் கிழிவதுபோல இருக்கிறது என்றார். அன்று அமைதியாக இருந்தார். பாதிப் படத்தில் ஒரு மழைக் காட்சி வந்தது. அப்பா சட்டென்று இடப்பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் அந்தப் பக்கம் அவர் திரும்பியதை நான் பார்த்ததாக நினைவில்லை.

"மழை வருது. கொடியில துணி கிடக்கு" என்றார் அம்மாவிடம்.

"படத்துலங்க" என்றார் அம்மா.

அப்பா ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா எழுந்து பின்வாசலுக்குப் போனார். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் துணியை எடுத்துக்கொண்டுதான் வந்தார்.